இரண்டு வினாடி நிலவு

என் மனைவியின் தம்பியை நான் இரண்டு முறை அடித்தேன். முதல் முறை இரும்பால், வலது காதுக்கு மேலே. இரண்டாம் முறை ஒரு மின்னஞ்சலால். முதல் அடியில் அவனுக்குக் காது போயிற்று. இரண்டாம் அடி விழுந்ததே அவனுக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் வானம் பார்ப்பவரா? மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவரா? அப்படியானால் இதை உங்களிடம்தான் சொல்லவேண்டும். மற்றவர்கள் மாமன் மச்சான் சண்டை என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டு வினாடி எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக் கூலிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பவன். விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் லேத் மிஷினில் நின்றுவிட்டு, இருட்டும்போது திரும்பி வருகிறவன். எங்கள் பெட்டியில் வான சமாச்சாரம் சொல்வது நான்தான். ஏறி உட்கார்ந்ததும் யாராவது கேட்பார்கள், "இன்னாண்ணா, மேல இன்னா சமாச்சாரம்?"

சொல்வேன். வேறொரு சூரியனிடமிருந்து புறப்பட்டு வந்த வால்நட்சத்திரம் ஒன்று நம் வீட்டு வழியாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கு நிலவுகள் கூடிக்கொண்டே போகின்றன என்று சொல்லியிருக்கிறேன். நம் கலம் நிலவின் தென்கோடியில் இறங்கிய மறுநாள் பெட்டி முழுக்கக் கைதட்டியது, ஏதோ நானே இறக்கிவிட்டு வந்ததைப்போல. ஒரு கலத்தைக் கொண்டுபோய் வேண்டுமென்றே ஒரு சிறுகோளின் குட்டி நிலவின்மேல் மோதவிட்டார்கள் அல்லவா, அதையும் சொன்னேன். "அவ்ளோ தூரம் போயி அடிச்சாங்களா?" என்றார் எதிர்ச் சீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரயிலில் நான் சாது. வீட்டில் கை நீட்டுகிறவன். என் மனைவி ரோசியைக் கேளுங்கள்... கேட்டாலும் சொல்லமாட்டாள். கல்யாணமான முதல் வருடமே அடித்தேன், சாம்பாரில் உப்பு இல்லையென்று. டிவி ரிமோட்டை இரண்டு முறை உடைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கழித்து மூலையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதைப் பார்த்து அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். வெட்கக்கேடு!

அவளுடைய தம்பி ஆரோக்கியம். ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். பேச்சு குறைவு, கை சுத்தம். எங்கள் தொலைநோக்கியின் கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கியவன் அவன்தான். எங்கள் வீட்டுச் சமையலறையில் எட்டு மாதம், ஞாயிறு தவறாமல், கண்ணாடியின்மேல் கண்ணாடி வைத்துத் தேய்த்தான். நானும் தேய்த்துப் பார்த்தேன். எனக்குப் பொறுமை இல்லை, கீறிவிட்டேன். அதைச் சரிசெய்ய அவனுக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

சிறுகோள் மறைப்பு என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கேயோ போகிற ஒரு பாறை ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும். பாறை நம் கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரம் அணைந்து எரிவது மட்டும் தெரியும். எந்த வினாடியில் அணைந்தது, எந்த வினாடியில் எரிந்தது என்று பல ஊர்களிலிருந்து பலர் குறித்து அனுப்பினால், அந்தப் பாறையின் உருவத்தைக் கோடுகோடாக வரைந்துவிடலாம். வானம் பார்க்கும் எங்கள் குழுவில் அந்தக் கணக்கைப் பார்ப்பவர் ஒரு பெண்மணி. வங்கியில் வேலை, பெங்களூரில் வீடு. மேடம் என்போம்.

குறிப்பது எப்படி? ஒரு கைப்பேசி வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தமிடும். இன்னொரு கைப்பேசி எல்லாச் சத்தத்தையும் பதிவு செய்யும். கண் பார்த்ததை வாய் அப்படியே சொல்லவேண்டும். யோசித்துச் சொன்னால் அரை வினாடி போய்விடும். அதற்காக மாதக்கணக்கில் பழகினேன். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் மூளை வரவே கூடாது. இதை மறந்துவிடாதீர்கள்.

அடி விழுந்த அன்றைக்கு எங்கள் இடம் சைனைட் மலையின் உச்சி. மலையென்றால் மலையில்லை, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மாவு மண் மேடு. மேலே காற்று ஓயாது. தொலைநோக்கியின் தாங்குகால் ஆடாமலிருக்க அதில் இரும்புத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுவோம். அப்பா சுரங்கத்தில் பாறையைத் துளைத்த கம்பியின் துண்டுகள் அவை. ஒன்றை அவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். எதற்கென்று எங்கள் முதுகுக்குத் தெரியும். அந்தத் துண்டு மட்டும் கட்டாமல் சாமான் பெட்டியின்மேல் கிடந்தது, என் வலது கைக்குப் பக்கத்தில்.

மாலை ஏழே முக்காலுக்கு மறைப்பு. ஆரோக்கியம் கால்மணி நேரம் தாமதமாக வந்தான், டோல்கேட்டில் நெரிசலாம். வந்ததும் கைப்பேசி விளக்கைப் போட்டு என் கண்ணைக் கூசவைத்தான். எங்கள் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் குழாயின் மேல்முனையில், பக்கவாட்டில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவன் எட்டிப் பார்த்தால் அவன் தலை குழாயின் வாயை அடைத்துவிடும். ஒத்திகை பார்க்கும்போது இரண்டு முறை அப்படி அடைத்தான்.

"தலைய எட்றா."

"சரி மாமா."

"இன்னொரு தடவ நீட்டினா பாரு."

"இல்ல மாமா, நீட்டல."

பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை வைத்தேன். வட்டத்துக்குள் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்று பெரியது, மறையவேண்டியது அதுதான். பக்கத்திலேயே மங்கலாக ஒரு சின்னது. பெரியது, சின்னது என்றே இருவரும் பேர் வைத்திருந்தோம். ஆரோக்கியம் என் வலப்பக்கம், என்னைப் பார்த்தபடி நின்று வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதிவு செய்யும் என் கைப்பேசி அவன் சட்டைப்பையில் இருந்தது.

சொன்ன நேரத்துக்கு ஒன்பது வினாடி முன்பே பெரியது அணைந்தது.

எடுத்தேன், வீசினேன். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை! வலப்பக்கம், காற்றில் ஒரு வீச்சு. தேங்காயைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம், பிறகு அவன் அலறல். அதே நேரத்தில் நட்சத்திரம் திரும்ப எரிந்தது. "வந்துச்சு" என்றேன் நான். மனிதன் தரையில் கிடக்கிறான், நான் "வந்துச்சு" என்கிறேன்... நான் எப்பேர்ப்பட்டவன் என்று நீங்களே சொல்லுங்கள்.

பார்த்தாயா, தலை விலகியதும் நட்சத்திரம் வந்துவிட்டது என்று ஒரு திருப்தி வந்தது எனக்கு. ஆமாம், திருப்திதான்.

சிவப்பு விளக்கைப் போட்டேன். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க நம் ஆட்கள் எல்லோரிடமும் சிவப்பு விளக்குதானே இருக்கும்? அந்த வெளிச்சத்தில் இரத்தம் இரத்தமாகத் தெரியாது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான் என்றே நினைத்தேன், அதற்கும் ஒரு வசவு வைத்தேன். கையில் பிசுபிசுத்த பிறகுதான் புரிந்தது. அவன் எழுந்து உட்காரப் பார்த்தான், ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தான். அவன் கேட்ட முதல் வார்த்தை இது:

"தல மறச்சுட்டேனா மாமா?"

துண்டால் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆஸ்பத்திரியில் நான் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான், "கால் வழுக்கிச்சு சார், ஓடைல வுழுந்துட்டேன்." அந்த மேட்டில் மழைநீர் அரித்த ஓடைகள் உண்டு, யாரும் சந்தேகப்படவில்லை. ரோசி வந்தாள். தம்பியின் தலையைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். அழுதாள்.

வலது காது செத்துவிட்டது என்றார்கள். தலைசுற்றல் வேறு. ஸ்டியரிங் பிடித்தால் சாலை சாய்கிறது என்றான், கார் வேலை போயிற்று. இப்போது ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான்.

மூன்றாம் நாள் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டேன். அவன் அலறலுக்கு முன்னும் பின்னும் இருந்த டிக்குகளை எண்ணி, அணைந்த நேரத்தையும் எரிந்த நேரத்தையும் மேடத்துக்கு எழுதினேன். இடையில் இரண்டு வினாடிக்குச் சற்று மேல். ஏன் அனுப்பினேன்? அந்த மாலையிலிருந்து எதுவாவது மிஞ்சட்டும் என்றுதான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவே மேடம் போன் செய்தார். "சார், மத்த நாலு பேரும் கரெக்டா சொன்ன டைமுக்குத்தான் பாத்திருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஒன்பது செகண்ட் முன்னாடி. இது மெயின் பாறை இல்ல சார். அதுக்கு ஒரு குட்டி நிலா இருக்கலாம். நீங்க அதைப் பிடிச்சிருக்கலாம்."

எங்கள் ரயில் பெட்டியில் மைசூர் பாகு கொடுத்தார்கள். ஆரோக்கியம் தலைக் கட்டோடு வீட்டுக்கு ஓடிவந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான், ஆனால் முகம் பூராவும் சிரிப்பு.

"அப்ப என் தல இல்லயே மாமா? நிலாதானே?"

உங்களுக்குப் புரிகிறதா? நிலவு உண்மையென்றால் அவன் தலையை நீட்டவில்லை. அவனை நான் சும்மா அடித்திருக்கிறேன். நிலவு பொய்யென்றால் குற்றம் அவனுடையது. அவனுக்குக் காது போனதைவிட, தன்னால் அந்த மாலை கெட்டதே என்பதுதான் பெரிய துக்கமாக இருந்தது. அந்தத் துக்கம் தீரவேண்டுமானால் வானத்தில் அந்த நிலவு இருந்தாகவேண்டும்.

"பாக்கலாம்டா" என்றேன்.

சில வாரம் பூரித்துப்போய்த் திரிந்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது, "அக்கா, அது என் தல இல்ல தெரியுமா, நிலா" என்றான். "எதுடா தல?" என்றாள் ரோசி. அவன் என்னைப் பார்த்தான், சட்டென்று ரசம் கேட்டான்.

பிறகுதான் மேடம் மூலப் பதிவைக் கேட்டார். அது இல்லாமல் யாரும் நம்பமாட்டார்களாம். அது கிடைத்தால் அடுத்த மறைப்பின்போது சரியான இடத்தில் ஆட்களை நிறுத்தி அந்த நிலவை மறுபடி பிடித்துவிடலாமாம். இரண்டு முறை எழுதினார். அலறலை மட்டும் வெட்டிப் பார்த்தேன். வெட்டினால் டிக்கும் சேர்ந்து போகிறது, கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். சமையலறையிலிருந்து ரோசி வந்தாள்.

"இன்னா அது? ஆரோக்கியம் கொரலு மாதிரி கீது."

"வீடியோ. போய் வேலையப் பாரு."

அவள் நின்றாள். நான் எழுந்தேன்... எழுந்தது போதும். அவள் உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில், ஊரிகம் ஸ்டேஷனுக்கும் கோரமண்டல் ஸ்டேஷனுக்கும் நடுவில், கட்டைவிரலால் மேடத்துக்கு எழுதினேன்: 'பதிவு செய்த கைப்பேசி தொலைந்துவிட்டது. யோசித்துப் பார்த்ததில், என் உதவியாளரின் தலை குழாயின் முன்னால் வந்திருக்கவேண்டும். தயவுசெய்து என் குறிப்பை நீக்கிவிடுங்கள்.' கோரமண்டல் வருவதற்குள் அனுப்பியாகிவிட்டது. நான் சொன்ன இரண்டாவது அடி இதுதான்.

ஏன்? அந்த அலறலை மேடம் கேட்டுவிடுவார் என்ற பயமா? அது மட்டும் என்றால், ஓடையில் விழுந்த சத்தம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதில் வேறொன்று இருக்கிறது. இத்தனை நேரம் உங்களிடமும் அதை மறைத்தேன்.

கோவிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட அதைச் சொல்லவில்லை. "கோபம் வருது சாமி" என்று மட்டும் சொன்னேன். மூன்று முறை 'அருள் நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கோபத்தில் கண் தெரியவில்லை, தலைதான் மறைத்தது என்று நினைத்துவிட்டேன், தவறுதலாக அடித்துவிட்டேன்... இப்படித்தானே நீங்கள் இதுவரை நினைத்தீர்கள்? அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்தப் பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். டிக். ஆரோக்கியத்தின் குரல், "முப்பத்தொண்ணு." டிக். என் குரல், "போச்சு." உடனே மறுபடி என் குரல், தெளிவாக, "சின்னது இருக்குது." டிக். அதற்குப் பிறகுதான் அந்தத் தேங்காய்ச் சத்தம். அலறல். டிக். "வந்துச்சு."

சின்னது இருக்குது! தலை மறைத்தால் இரண்டும் போகும். ஒன்று மட்டும் போய்ப் பக்கத்தில் இருப்பது அப்படியே எரிந்தால் அது தலையில்லை. வானம் பார்க்கப் பழகிய எந்தக் குழந்தைக்கும் தெரியும். என் கண் பார்த்தது. பழகிய வாய் உள்ளதை உள்ளபடி சொல்லியும்விட்டது. அவன் குற்றமில்லை என்று நானே உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன். அந்த வார்த்தை அவன் காதிலும் விழுந்திருக்கும், அடியோடு அவன் நினைவிலிருந்து போய்விட்டது.

அப்படியானால் எதற்காக அடித்தேன்? தாமதமாக வந்ததற்கா? விளக்கைப் போட்டதற்கா? நான் கீறிய கண்ணாடியை வாய் திறக்காமல் ஒரு மாதம் தேய்த்தானே, அதற்கா? தெரியவில்லை. அடிக்கவேண்டும் என்று கை முன்னமே முடிவு செய்து வைத்திருந்தது, நட்சத்திரம் அணைந்தது அதற்கு ஒரு சாக்கு. இதற்குமேல் எனக்கு விளங்கவில்லை. விளங்கினால் மட்டும் என்ன, காது வந்துவிடுமா?

அந்த மறைப்பைக் குறித்தவர்களின் பட்டியலைக் குழு வெளியிட்டது. அந்த வார ஞாயிறு பூசை முடிந்து ஆரோக்கியம் வீட்டுக்கு வந்தான். எப்போதும்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான். கைப்பேசியை எடுத்துக் காட்டினான்.

"ரிமார்க்ஸ்ல போட்டுக்கறாங்க மாமா. அசிஸ்டென்ட் தல மறச்சதால எடுத்துட்டோம்னு."

"ம்."

"அன்னிக்கே சொன்னேன்ல, என் தலதான்னு. நடுவுல நான்தான் நிலா நிலான்னு குதிச்சிக்னு இருந்தேன்." கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "மேடம் எப்டி கண்டுபுடிச்சாங்க பாத்தீங்களா? அங்க இருந்துக்னே."

ரோசி சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றான். "உங்க பேரு வந்திருக்கும். நான் கெடுத்துட்டேன்."

இதுதான் சமயம். வாயைத் திறந்தால் போதும். பதிவு என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் என் குரலே சாட்சி சொல்லியிருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகிய வாய்தானே இது?

"விடுடா" என்றேன். "பரவால்ல. வேணும்னா செஞ்ச?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆம், நான் அவனை மன்னித்தேன்! ரோசி உள்ளே போய்விட்டாள்.

"அடுத்த தடவ பத்தடி தள்ளியே நிக்கறேன் மாமா" என்றான்.

சொன்னபடி செய்கிறான். போன மாதம் இன்னொரு சிறுகோளுக்காக மேட்டின்மேல் ஏறினோம். பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். காற்று அவனைத் தள்ளும்போதெல்லாம் காலை அகட்டிச் சமாளித்தான். அப்பாவின் இரும்பு பெட்டியின்மேல் பழைய இடத்திலேயே கிடந்தது. வட்டத்துக்குள் இந்த முறையும் ஒரு பெரியது, பக்கத்தில் ஒரு சின்னது. நேரம் வந்தது, தாண்டியது. நட்சத்திரம் அணையவில்லை.

"இன்னா மாமா, போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"இல்ல" என்றேன். "ரெண்டும் இருக்குது."

"நான் மறைக்கலயே?"

"இல்லடா" என்றேன்.